‘மின்னழுத்தக் கட்டுப்பாட்டு அலையியற்றி’: சொல் மயக்கம் தருகிறது

காட்பாடியிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ‘wideband voltage-controlled oscillator’ என்பதை, அதாவது தரப்படும் மின்னழுத்தத்துக்கேற்ப அதிர்வெண் பரந்த எல்லையில் மாறும் அலையை உண்டாக்கும் மின்சுற்றை, ‘அகல்வீச்சு மின்னழுத்தக் கட்டுப்பாட்டு அலையியற்றி’ என்று எழுதியிருந்தேன். பேரணாம்பட்டிலிருந்து வரும், பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழில் முடித்த மாணவி ஒருவர், அதை மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி என்று புரிந்துகொண்டு, வீட்டு ஸ்டெபிலைசரைச் சான்று காட்டினார். பிழை அவருடையதன்று; மூன்றாம் வேற்றுமை உருபை நாம் தொகைக்குள் மறைத்ததால், இரண்டாவதாகவும் விரிக்க அது இடம் தருகிறது. ‘அகல்வீச்சு’ என்ற அடைமொழியும் உதவவில்லை. பாடநூலில் வீச்சு என்பது அலையின் உயரம்.

ஆரணியிலிருந்து:

ஐயா, ‘மின்னழுத்தம் ஆளும் அலையியற்றி’ என்று வைக்கலாமே. ‘மன்னன் ஆளும் நாடு’ என்றால் யார் யாரை ஆள்கிறார் என்று எவரும் மயங்குவதில்லை.

சத்துவாச்சாரியிலிருந்து:

அம்மா, ‘நாடு ஆளும் மன்னன்’ என்றும் சொல்கிறோமே; மயக்கம் அப்படியே நிற்கிறது. கருவியின் இயல்பும் ‘ஆளும்’ என்பதற்கு ஒத்துவரவில்லை. இதில் மின்தேக்கியாகப் பயன்படும் வராக்டர் டையோடின் பின்னோக்குச் சார்பு அழுத்தம் கூடும்போது, அதனுள் மின்சுமப்பிகள் அற்ற இயக்கமில்லாப் பகுதி அகன்று, மின்தேக்குத்திறன் குறைந்து, அதிர்வெண் ஏறுகிறது. அதிர்வெண், மொத்தத் தேக்குத்திறனின் வர்க்கமூலத்துக்கு எதிர்த்தகவில் உள்ளதால், ஒரே சுருளைக் கொண்டு 100 மெகாஹெர்ட்சிலிருந்து 200 வரை செல்ல, அந்தத் தேக்குத்திறன் நான்கில் ஒன்றாக வேண்டும். டையோடு 20 பிக்கோபாரடிலிருந்து 5 வரை இறங்கினாலும், டிரான்சிஸ்டரும் சுற்றுப்பலகையின் செப்புத் தடமும் சேர்க்கும் மாறாத 4 பிக்கோபாரட் கூடவே இருந்தால் 24க்கு 9 என்ற விகிதமே கிடைக்கும். 163 மெகாஹெர்ட்சோடு நின்றுவிடும். ஒரு வோல்ட்டுக்கு அதிர்வெண் மிகுதியாக நகரும்படி அமைத்தாலோ, கட்டுப்பாட்டுக் கம்பியில் நுழையும் சிறு இரைச்சலும் அலையின் கட்டத்தைக் (phase) குலைக்கும். எனவே இங்கே மின்னழுத்தம் ஆள்வதைவிட, அலையியற்றி தன்னால் இயன்ற அளவுக்கு இசைந்து கொடுக்கிறது என்பதே பொருந்தும். உருபை மறைக்காமல் ‘மின்னழுத்தத்துக்கு இசையும் அலையியற்றி’ என்போம். முன்னால், பரந்த எல்லையுடைய என்ற பொருளில் ‘அகல்நெடுக்க’ சேரட்டும்.

ஆரணியிலிருந்து:

நெடுக்கம் என்றதும் மாணவருக்கு எறிபொருள் கடக்கும் தொலைவே நினைவுக்கு வரும். ‘இசையும்’ என்பதோ, அதே பாடத்தில் சுருளுக்கும் மின்தேக்கிக்கும் உரிய ‘ஒத்திசைவு’ என்பதோடு மோதும். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

காட்பாடியிலிருந்து:

நெடுக்கத்தை விட்டுவிட்டேன். ‘பரந்த அதிர்வெண் எல்லையில் மின்னழுத்தத்துக்கு இசையும் அலையியற்றி’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். நீளந்தான், ஆனால் அந்த மாணவியிடம் படித்துக் காட்டினேன், இம்முறை ஸ்டெபிலைசர் என்று சொல்லவில்லை. ‘ஒத்திசைவு’ பற்றிய அம்மாவின் மறுப்புக்கு என்னிடம் இன்னும் விடையில்லை.