பிளாஸ்கெட் தீவில் இறங்கத்தான் வேண்டுமா?

மழைக்குடை:
அயர்லாந்தின் கெர்ரிக்குப் போகிறவர்கள் இங்கே அடிக்கடி கேட்பது இது: கையில் ஒருநாள்தான் இருக்கிறது, டன்மோர் முனைக்குப் போகலாமா, எதிரே இருக்கும் கிரேட் பிளாஸ்கெட் தீவுக்குப் போகலாமா? போன மாதம் இரண்டுக்கும் போய்வந்தேன். என் பதில், முனைக்குப் போங்கள், தீவில் இறங்காதீர்கள். திட்ட வருகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டவும்.

கூமினூல் கடற்கரைக்கு மேலே காரை நிறுத்திவிட்டு ஏறினால் கொஞ்ச நேரத்தில் உச்சி. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து புல் மொட்டையடித்த தலைக்கு மூன்றாம் வாரத்தில் முளைத்த முடி மாதிரி இருக்கிறது. காற்றில் என் பையன் பேசியது எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மேலே ஒரு ஓகம் கல் நிற்கிறது. கல்லின் விளிம்பையே நடுக்கோடாக வைத்து, இரண்டு பக்கமும் கீறல் போட்டு, கீழிருந்து மேலாகப் படிக்கிற பழைய எழுத்து. டொவினியா என்று இந்த வட்டாரத்துத் தெய்வத்தின் பெயர் அதில் இருக்கிறதாம். விரலால் தடவிப் பார்த்தேன். எது எழுத்து, எது மழை அரித்த கோடு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அங்கே நின்றால் நேர் எதிரே தீவு. நடுவில் 2 கிலோமீட்டர் கடல். வெள்ளை மணல், அதற்கு மேலே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூரையில்லாத வீடுகள்.

அடுத்த நாள் படகில் போய் இறங்கினேன். ஒரு வீட்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே, அடுப்பு இருந்த கல்மேடையில் ஒரு காலை வைத்து ஒருவர் போஸ் கொடுத்தார். நாலு வீடு தள்ளி அதேபோல் இன்னொரு கூட்டம். எழவு வீட்டில் செல்ஃபி எடுப்பது மாதிரி இருந்தது எனக்கு. 1953இல் தீவைக் காலி செய்தவர்களுக்கு எதிர்க்கரையில் டன்குவினில் வீடு கொடுத்தார்கள். மிச்ச ஆயுளுக்கும் அவர்கள் வாசலில் நின்றுதான் தீவைப் பார்த்தார்கள். வாழ்ந்தவர்களே அக்கரையிலிருந்து பார்த்த இடத்துக்குள் நாம் பிக்னிக் கூடையோடு நுழைய வேண்டுமா?

சீனு_லிமெரிக்:
அக்கா, முழுதாகப் படித்துவிட்டேன், இப்போது திட்டலாமா?

எழவு வீடு என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். 1916இல் அங்கே 176 பேர். கல்யாணம், பிடில், நடனம், வம்பு, கடன், எல்லாம் நடந்த ஊர். கடைசி ஒருநாளை மட்டும் பிடித்துக்கொண்டு முழு ஊரையும் சாவு வீடாக்குவது அந்த ஜனங்களுக்கு மரியாதையா?

முனையிலிருந்து பார்த்தால் அது ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான். இறங்கும்போதுதான் விஷயம் புரியும். பெரிய படகு கரைக்கு வராது, ரப்பர் படகுக்கு மாற்றுவார்கள். துறை என்று சொல்வது பாறைக்கு நடுவில் ஒரு இடுக்கு. பாசியில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது: இதே இடுக்கு வழியாகத்தான் மாவு மூட்டை, பீப்பாய், சவப்பெட்டி, எல்லாம் வந்தது. பசுமாட்டைக்கூட நேவோக்கில்தான் கொண்டுவந்தார்கள். நேவோக் என்றால் மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய கித்தான், அவ்வளவுதான் படகு. மாடு ஒரு உதை விட்டால் எல்லோரும் கடலில், அதனால் காலைக் கட்டிப் படுக்கவைத்துத்தான் ஏற்றுவார்கள். இது முனையிலிருந்து தெரியுமா அக்கா?

வெள்ளாடு:
மாட்டைக் கட்டி ஏற்றினார்கள், சரி. என்னை ஏற்றவே இல்லை. இரண்டு முறை பதிவு செய்தேன், இரண்டு முறையும் காலை 8 மணிக்கு "அலை அதிகம், ரத்து" என்று குறுஞ்செய்தி. பணம் திரும்பி வர மூன்று மின்னஞ்சல். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள். மொத்தத்தில் நான் மழைக்குடை கட்சி, வேறு வழியில்லாமல்.

பழைய பாய்மரம்:
கெர்ரியிலேயே, டிரலீயில் 19 வருடமாக இருக்கிறேன். எழவு வீடு என்று ஒருவர், திருவிழா என்று ஒருவர் சொல்வதற்கு நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அவர்களை யாரும் துரத்தவில்லை. போக வேண்டும் என்று கேட்டதே அவர்கள்தான்.

1947 தொடக்கத்தில் ஷானீன் ஓ கேர்ன என்ற 24 வயதுப் பையனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. தீவில் மருத்துவர் கிடையாது, பாதிரியாரும் கிடையாது. கரையோடு பேச ஒரு ரேடியோ டெலிபோன் வைத்திருந்தார்கள், அது வேலை செய்யவில்லை. கடலும் வழிவிடவில்லை. பையன் போய்விட்டான். சவப்பெட்டியைக் கொண்டுவருவதற்கும் கடல் இறங்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதே வருடம் ஏப்ரலில் பிரதமர் டி வலேராவுக்கு ஒரு தந்தி போனது: புயலில் மாட்டிக்கொண்டோம், சாப்பிட ஒன்றுமில்லை, உணவு அனுப்புங்கள். அவர் நேரில் வந்தும் பார்த்தார். பிறகும் ஆறு வருடம் இழுத்து, 1953 நவம்பர் 17இல்தான் காலி செய்தார்கள். அப்போது மிஞ்சியிருந்தது 22 பேர். அன்றைக்கும் கடல் சரியில்லை, எல்லாச் சாமானையும் ஏற்ற முடியவில்லை.

அதற்கு முன்பே ஊர் பாதி காலி. பள்ளிக்கூடம் 1941இல் மூடியாயிற்று. இளசுகள் எல்லாம் அமெரிக்காவுக்கு, பெரும்பாலும் மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு. நேவோக்கை இழுக்கவே ஆள் இல்லாத ஊரில் கிழவர்கள் என்ன செய்வார்கள்? அதனால், அந்தச் சுவரில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. படகு ஒழுங்காக வந்துபோகிறதே என்றுதான் முதலில் ஆச்சரியப்படுவார்கள்.

மழைக்குடை:
பாய்மரம் அண்ணா, துரத்தினார்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் "அவர்களே கேட்டார்கள்" என்பதும் முழுசாக இல்லை. டெலிபோன் வேலை செய்திருந்தால், ஒழுங்கான துறை கட்டிக் கொடுத்திருந்தால் கேட்டிருப்பார்களா? தண்ணீரை நிறுத்திவிட்டு, வாடகைக்காரர் தானாகவே போனார் என்று சொல்கிற வீட்டுக்காரர் கதைதான் இது.

இன்னொன்று. பக்கத்தில் இனிஷ்டூஷ்கர்ட் என்று ஒரு தீவு, கரையிலிருந்து பார்த்தால் ஆள் மல்லாந்து படுத்திருப்பது போலவே இருக்கும். நெற்றி, மூக்கு, கைகோத்த வயிறு, எல்லாம் அச்சு அசல். உள்ளூர் ஐரிஷ் மொழியில் அதற்கு "அன் ஃபார் மாரவ்" என்று பெயர், செத்த மனுஷன். சுற்றுலாக்காரர்கள் அவனை "உறங்கும் பூதம்" ஆக்கிவிட்டார்கள். செத்தவனைப் பார்க்க ஆள் டிக்கெட் எடுப்பானா? சுற்றுலா ஒரு இடத்தை என்ன செய்யும் என்பதற்கு இந்த ஒரு பெயர் போதும்.

சீனு_லிமெரிக்:
அந்தச் செத்த மனுஷனின் பெயரை எனக்குச் சொன்னதே தீவில் இருந்த வழிகாட்டிப் பெண்தான். முனையில் எனக்கு யார் சொன்னார்கள்? ஆடா?

அதே பெண் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் கப்பல் உடைந்து பெட்டி பெட்டியாகத் தேயிலை ஒதுங்கியதாம். என்னவென்றே தெரியாமல் பெண்கள் அதைக் கொதிக்கவைத்து உள்பாவாடைக்குச் சாயம் போட்டார்களாம். அப்புறம் ருசி தெரிந்ததும், சாயத்துக்குப் போட்டவளுக்குப் புருஷனிடம் நல்ல டோஸ். டீக்குப் பிறந்த நம் ஜனம் சிரிக்கிற கதை இது. இடிந்த வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டபோதுதான் அந்த வீட்டுக்குள் ஆள் இருந்தது எனக்கு உறைத்தது. நீங்கள் சொல்கிற மௌன அஞ்சலியில் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சோக முகத்தோடு நிற்பார்கள்.

பழமை, புனிதம், தொடாதே என்று ஒதுக்கிவைப்பதும் ஒருவகையில் கைவிடுவதுதான்.

வெள்ளாடு:
ஒரு அடிப்படைக் கேள்வி. தீவு இப்போது யாருடையது? அதைச் சொன்னால் யார் இறங்கலாம், இறங்கக் கூடாது என்ற சண்டையே தீர்ந்துவிடுமே.

பழைய பாய்மரம்:
தீராது, இன்னும் வளரும். ஊர் காலியான பிறகு நிலத்தில் பெரும்பகுதி வெளியாட்கள் கைக்குப் போனது. 1987இல் தீவு விற்பனைக்கு என்று அமெரிக்காவில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் விளம்பரமே வந்தது. இங்கே ஊர் கொதித்தது. 1989இல் அரசு ஒரு சட்டம் போட்டது: தீவைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்க நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 1953 நவம்பர் 17க்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்கள், அவர்களுடைய நேர் வாரிசுகள், இவர்களுடைய நிலத்தை அரசு தொடக்கூடாது. நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1999இல் சட்டம் செல்லாது என்றது. ஒரே தீவில் நிலம் வைத்திருப்பவர்களை வம்சாவளி பார்த்துப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்பு. பல வருடம் கழித்து 2009 வாக்கில்தான் அரசு பெரும்பகுதியைப் பேசி விலைக்கு வாங்கியது. நீங்கள் பார்த்த வழிகாட்டிகள் அரசு ஏற்பாடு.

மழைக்குடை:
பார்த்தீர்களா, நான் சொன்னதுதான். அங்கே வாழ்ந்தவன் பேரன் என்பதற்குக்கூட அந்த மண்ணில் தனி மதிப்பு இல்லை, பத்திரம் வைத்திருப்பவனும் அவனும் ஒன்று என்றாகிவிட்டது. சட்டம் கைவிட்டதை நாமாவது கொஞ்சம் கூச்சத்தோடு மதிக்கலாமே.

சீனு_லிமெரிக்:
அதே தீர்ப்பு என் கட்சி அக்கா! வம்சத்துக்குத் தனி உரிமை இல்லை என்றால், வந்தேறி நீங்கள் கூச்சப்படவும் தேவையில்லை. அரசு வாங்கிவிட்டது, நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது.

பழைய பாய்மரம்:
ஒரே தீர்ப்பை இரண்டு பேரும் பையில் போட்டுக்கொண்டீர்கள். அது சொத்து வழக்கு அப்பா, மரியாதை வழக்கு இல்லை.

என்னைக் கேட்டால் முதலில் போகவேண்டியது இரண்டும் இல்லை, டன்குவினில் இருக்கிற பிளாஸ்கெட் மையம். 1993இல் திறந்தது. அந்த 150, 170 பேர் ஊரிலிருந்து எத்தனை எழுத்து வந்தது என்று அங்கேதான் புரியும். பெய்க் சேயர்ஸ் என்ற கிழவிக்கு ஐரிஷ் எழுதத் தெரியாது. தன் வாழ்க்கைக் கதையை வாயால் சொல்லச் சொல்ல மகன் எழுதினான். அது பள்ளிப் பாடமாகி, என்கூட வேலை செய்கிற ஐரிஷ்காரர்களில் பாதிப் பேர் அவர் பெயரைச் சொன்னாலே முகத்தைச் சுளிப்பார்கள், பரீட்சை ஞாபகம். பெய்க் 1942இல் கரைக்கு வந்தார், 1958இல் காலமானார். டன்குவின் கல்லறையில் இருக்கிறார். நின்று பார்த்தால் எதிரே கடல், தீவு.

மழைக்குடை:
நானும் அங்கே போனேன். அதுதான் அண்ணா நான் சொல்லவந்தது. அவரே இக்கரையில் படுத்துக்கொண்டுதான் பார்க்கிறார்.

சீனு_லிமெரிக்:
அவர் சுமார் 50 வருடம் அக்கரையில் வாழ்ந்துவிட்டுப் படுத்திருக்கிறார். நாம் ஒரு மதியம்கூட இருக்கவில்லை. அவருக்குத் தூரத்திலிருந்து பார்த்தாலே போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

சரி, ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அடுப்பு மேடையில் கால் வைத்தது அநாகரிகம். கடல்நாய்கள் படுத்திருக்கும் மணலுக்கு இறங்கிப் போய் விரட்டிப் படம் எடுத்தவர்களையும் பார்த்தேன், அதுவும்தான். ஆனால் அதற்காக முனை மட்டும் சாது என்று நினைக்காதீர்கள். கூமினூல் தண்ணீர் பார்க்கப் பச்சையாக, அழகாக இருக்கும், கால் வைத்தால் இழுக்கும். 1982இல் ரங்கா என்ற ஸ்பானியச் சரக்குக் கப்பல் அந்தப் பாறையில்தான் வந்து மோதியது. ஆட்கள் பிழைத்தார்கள், கப்பல் பிழைக்கவில்லை. 1588இல் ஸ்பானிய ஆர்மடா கடற்படையின் சாந்தா மரியா டி லா ரோசா கப்பல் அந்த நீரிணையில்தான் போனது. நீங்கள் சமாதானமாக நின்று பார்த்த 2 கிலோமீட்டரும் ஒரு கல்லறைதான் அக்கா. அங்கே மட்டும் தெர்மாஸைத் திறக்கலாமா?

மழைக்குடை:
திறந்தேன். காற்றில் பாதி டீ என் கோட்டில்.

கல்லறை வாதம் நல்ல வாதம், யோசிக்கிறேன். ஆனால் கூட்டம் கூட்டமாக இறக்கிவிடுவதை நான் ஏற்கவில்லை. ஒரு படகுக்குப் பத்து பேர் என்றால் என் மனசு மாறலாம்.

வெள்ளாடு:
எல்லோரும் ஓய்ந்தீர்கள் என்றால் என் பிரச்சினைக்கு வருகிறேன். ஜூலையில் அம்மா வருகிறார், 68 வயது, முழங்கால் வலி. கூடவே 4 வயது வாண்டு. மூன்றாவது முறையாகப் படகு பதிவு செய்யலாமா?

சீனு_லிமெரிக்:
நானே சொல்கிறேன், அம்மாவை அந்த ரப்பர் படகில் ஏற்றாதீர்கள். டன்குவின் துறைக்கு இறங்கும் பாதையே வளைந்து வளைந்து செங்குத்து. அவரும் வாண்டும் கரையில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

பழைய பாய்மரம்:
இந்தக் கடலோரத்தைச் சுற்றும் ஸ்லே ஹெட் சாலையைக் கடிகாரச் சுற்றில் ஓட்டு. பெரிய பஸ் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகும், எதிரில் மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ் எடுத்தே பொழுது போய்விடும். கூமினூல் மேலே கார் நிறுத்துமிடத்தில் கதவைத் திறந்தால் போதும், அம்மாவுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தீவு தெரியும். காற்று அடிக்கும் பக்கத்துக் கதவைத் திறக்காதே, பிய்த்துக்கொண்டு போகும்.

மழைக்குடை:
செத்த மனுஷனை வாண்டுக்குக் காட்டுங்கள். பெயரை மட்டும் அந்த வயதுக்கு உறங்கும் பூதம் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.