துப்பாக்கிக் குழல்ல படியுற கரிக்கு ஒரு சொல் வேணும் (அவசரம்)

கோத்தகிரி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வீடியோவுக்கு தமிழ் சப்டைட்டில் போட்டுட்டு இருக்கேன், நாளைக்கு சாயங்காலம் குடுத்தாகணும். அமெரிக்காவுல வறண்ட பொட்டல்ல துப்பாக்கி சுடுற ஒரு ரேஞ்ச், காத்துன்னா அப்படி ஒரு காத்து, ஒரே புழுதி. ஒருத்தர் குழல் வாய் வழியா வெடிமருந்து கெட்டிச்சு சுடுற அந்தக்காலத் துப்பாக்கிய வச்சுட்டு அல்லாடுறார். பத்த வைக்கிறதுக்கு துப்பாக்கியோட கிண்ணத்துல போட்ட மருந்து பறந்துடுது, உருண்டைக் குண்டு காத்துக்கு ஒதுங்கிப் போகுது, இதெல்லாம் எழுதிட்டேன். மாட்டிக்கிட்டது 'ஃபவுலிங்'லதான். கருமருந்து எரிஞ்சா பாதிக்கு மேல வாயுவா மாறாம திடப்பொருளாத்தான் மிஞ்சும், அதுல கொஞ்சம் புகையோட வெளிய போய்டும், மிச்சம் குழல் உள்ள அப்பிக்கும். நாலஞ்சு தடவ சுட்டதும் அடுத்த குண்டு இறங்க மாட்டேங்குது, மனுஷன் குண்ட உள்ள தள்ளுற கஜக்கோல ரெண்டு கையால அழுத்துறார். அந்த அப்பிக்கிற சமாச்சாரத்துக்கு என்ன பேரு? குட்டியா இருக்கணும், வரி ரெண்டு நொடிதான் திரையில நிக்கும்.

திண்டுக்கல்:
கசடு. இதுக்கு என்னம்மா விவாதம்? கற்க கசடற படிக்காதவன் யாரு. கஜக்கோலையும் இடிகோல்னு மாத்திடு, கஜம் வெளிய இருந்து வந்த சொல். துப்பாக்கியே வந்த சொல்தானேன்னு யாராவது கேப்பீங்க, தெரியும். அது துருக்கி, பாரசீகம் வழியா வந்தது, குறள்ல வான்சிறப்புல வர்ற 'துப்பாக்கி' வேற. அத மறுபடி கிளப்பாதீங்க, போன வருஷமே தலைவலி வந்துடுச்சு.

கொடைக்கானல்:
ஐயா, இப்ப கசடுன்னா ஜனங்களுக்கு செப்டிக் டேங்க் லாரிதான் ஞாபகம் வரும், அரசாங்கமே மலக்கசடுன்னு எழுதுது. 'கிட்டம்' எடுத்துக்கலாமே, உலோகத்த உருக்குனா மிஞ்சுற கழிவு? இரும்புக்கிட்டம்னு சித்த வைத்தியத்துல இன்னும் புழங்குது. கொல்லர் சொல்ற சிட்டமும் இதேதான், கன்னடத்துல கிவி நமக்கு செவி, அங்க கெம்பு இங்க செம்பு, அந்தக் கணக்குல கிட்டம் சிட்டம் ஆயிருக்கு.

கூடலூர்:
அண்ணே, பின்னாடி நாவளை எழுத்து (ட, ள மாதிரி நாக்க மடிச்சு சொல்றது) வந்தா அந்தக் கணக்கு செல்லாது. கிளி சிளி ஆச்சா? கெடு செடு ஆச்சா? அப்புறம் கிட்டம் வடமொழியிலயும் இருக்கு, ஐயா அதுக்கும் சண்டைக்கு வருவார்.

கொடைக்கானல்:
விதிவிலக்கு இருக்கு, தனி இழை போடறேன்.

கோத்தகிரி:
தனி இழை போடுங்க சாமி, எனக்கு நாளைக்கு சாயங்காலம்.

பண்ணைக்காடு:
நமக்கு இலக்கணமெல்லாம் வராது. எங்க தாத்தா பன்னிக்குன்னு லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருந்தார், அவர் 'மருந்துக்கரி'ன்னுதான் சொல்வார். அது ஒரே மாதிரி இருக்காதுங்க. மஞ்சு எறங்குற நாள்ல ஈரத்த இழுத்து பிசுபிசுன்னு கெடக்கும், ஈரத்துணி விட்டா வழிச்சிட்டு வந்துடும். பங்குனில வறட்டுக் காத்து அடிக்கறப்ப காஞ்சு இறுகிப் போய் கம்பி போனா சொரசொரன்னு சத்தம் கேக்கும். அதுக்கு மேல புழுதி வேற. குண்டு சுத்துற துணியில எண்ணெயோ கொழுப்போ தடவித்தான வைப்பாங்க, அதுல மண்ணு ஒட்டுச்சுன்னா குழல் உள்ள கீறிடும், அதனால துணிய மூடி போட்ட டப்பாவுலதான் வச்சிருப்பார். வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணி ஊத்திக் கழுவி, நல்லா தொடச்சு காய வச்சு, அப்புறம்தான் எண்ணெய். கரிய அப்படியே விட்டா துரு ஏறிடும்.

கூடலூர்:
அப்ப இந்த வீடியோவுக்கு 'பொருக்கு'தான் சரி. காஞ்சு இறுகுனா பொருக்கு, ஈரமா இருந்தா பிசுக்கு.

கோத்தகிரி:
அவர் நடுவுல ஈரத்துணி விட்டு எடுக்கறாரே, அப்ப அதே வரியில பொருக்கு பிசுக்கா மாறிடுமா? ஒரே சொல்தான் வேணும். மருந்துக்கரி பிடிச்சிருக்கு, ஆனா ஆரம்பத்துலயே வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10னு மருந்து கலவை சொல்றார். அந்தக் கரியும் இந்தக் கரியும் ஒன்னுன்னு நினைச்சுட்டா?

திண்டுக்கல்:
நினைப்பான். மருந்துன்னா கசாயம்னும் நினைப்பான். அதான் கசடு. மீறிப் போடறதா இருந்தா க் ஒற்ற விட்டுடாதே, 'மருந்துகரி'ன்னா உம்மைத்தொகை ஆகி மருந்தும் கரியும்னு அர்த்தம் வந்துடும்.

கொடைக்கானல்:
கலவை வர்ற இடத்துல அடுப்புக்கரின்னு போட்டா குழப்பமே இல்ல. மருந்துக்கரிக்கு என் ஓட்டு. கிட்டம் பத்தி இழை தொடங்கியாச்சு, எல்லாரும் வாங்க.

கூடலூர்:
எனக்கும் ஓகே, தூக்கம் வருது.

கோத்தகிரி:
அடுப்புக்கரி வேண்டாம், மரக்கரி. குழல்ல படியுறது மருந்துக்கரி. அனுப்பப் போறேன், நன்றி.

திண்டுக்கல்:
அனுப்பும்மா. பொதுச் சொல் பட்டியல்ல ஏத்தறப்ப கசடும் பக்கத்துல இருக்கணும், என் மறுப்ப எழுதி வச்சுக்குங்க. இடிகோல் என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லலையே?