தமிழ் வகுப்பின் முதல் ஐந்து நிமிடங்கள்

சேட்டை செய்யும் பிள்ளையை எப்படிக் கண்டிப்பது என்று இந்த ஆசிரியர் குழுவில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சேட்டை தொடங்குவதற்கு முந்தைய கட்டம்தான் பெரிதாகப் படுகிறது.

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்ததே. தாய்மொழிப் பாடவேளை வந்ததும் பல வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் தமிழ் அறைக்கு வருகிறார்கள். ஒரு வகுப்பில் கணக்குப் பாடம் நேரத்தோடு முடியும், இன்னொன்றில் முடியாது. முதலில் வந்தவனுக்கு வேலை இல்லை. அவன் கை அடுத்தவன் பென்சில் பெட்டிக்குத்தான் போகும்.

அதனால் பிள்ளைகள் வருமுன்பே திரையில் ஒரு படம் போட்டுவிடுகிறேன். போன வாரம் ஈரச்சந்தை (மீன், காய்கறி விற்கும் சந்தை) மீன்கடை. "மீன்காரர் என்ன சொல்கிறார்?" என்று கீழே ஒரு வரி. வந்தவர்கள் உட்கார்ந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். தொடக்கநிலை 3 மாணவன் ஒருவன் எழுதினான்: "இன்று மீன் வாங்காதீர்கள் அம்மா, நாளைக்குத்தான் நல்ல மீன் வரும்." (இவன் கடை வைத்தால் ஒரு வாரம் தாங்காது!) கடைசியாக ஓடி வந்தவர்களும் சிரிப்புச் சத்தம் கேட்டுத் தாமாகவே நோட்டைத் திறந்தார்கள். தாமதம் அவர்கள் தவறில்லை என்பதால் வாசலில் நிறுத்தி விசாரிப்பதும் இல்லை.

இதில் என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்த ஒரு மாணவரைக் கண்டித்தார். கண்டிக்கப்படாதவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த வியப்பில்தான் அவர் ஆய்வு தொடங்கியது. பிறகு தொடக்க வகுப்புகளைக் காணொளியில் பதிவுசெய்து பார்த்தபோது, கண்டிக்கும் விதம் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. வகுப்பு முழுவதும் ஆசிரியர் கண்ணில் இருப்பது, ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைக் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கலின்றி நகர்த்துவது ஆகியவையே ஒழுங்காக நடந்த வகுப்புகளை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தின. 1970இல் வெளிவந்த முடிவுகள் இவை.

ஒழுங்காக இருக்கும் பிள்ளைகளுக்குப் பரிசாக ஸ்டிக்கர் கொடுப்பதை நான் பழிக்கவில்லை. ஆனால் ஸ்டிக்கர் தீர்ந்த நாளில் பிள்ளைகள் பேரம் பேசுவார்கள்.

மற்றோர் ஆசிரியரின் மறுமொழி:

டீச்சர், தொடக்கநிலை 1 பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது. ஒரு வரி எழுதுவதற்குள் பாதி வேளை போய்விடும். நான் படம் வரையச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வந்ததும் ஒரு தாளத்தில் கைதட்டுவேன். அவர்கள் அதையே திருப்பித் தட்ட வேண்டும். மூன்றாம் முறை மெதுவாகத் தட்டினால், கேட்பதற்காகவே அறை அடங்கிவிடும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.