காயம் மூடிய பிறகும் செல்கள் மாறியே இருக்குமா?

காப்பித்தோட்டக்காரர், ஏற்காடு:
எங்கள் தோட்டத்தில் நிழல்மரக் கிளைகளைக் கழிக்கும்போது அரிவாள் நழுவி, இடது முன்கையில் ஆழமாக வெட்டிவிட்டது. சேலத்தில் ஏழு தையல் போட்டார்கள். பிரித்து மூன்று மாதம் ஆகிறது. புண் நன்றாக ஆறிவிட்டாலும் தழும்பு சிவந்து தடித்திருக்கிறது. சட்டைக் கை உரசினாலே சுரீரென்கிறது. காலையில் கையை நீட்டினால் உள்ளிருந்து யாரோ இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கிறது. தோல் ஒட்டிய பின்னும் உள்ளே செல்கள் என்னதான் செய்துகொண்டிருக்கின்றன?

செவிலியர், சேலம்:
வணக்கம் ஐயா. அது உண்மையிலேயே இழுப்புதான். தோலுக்கடியில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் சுரந்துகொண்டு அமைதியாக இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், வெட்டுப்பட்ட இடத்தின் இழுவிசையையும் அங்கே சுரக்கும் டிஜிஎஃப் பீட்டா என்னும் புரதத்தையும் உணர்ந்ததும், தசைச் செல்லைப்போல் சுருங்கவல்ல மையோஃபைப்ரோபிளாஸ்டுகளாக மாறிக் காயத்தின் விளிம்புகளை நெருக்கிப் பிடிக்கின்றன. வேலை முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிடும். அவசரத்தில் இட்ட மூன்றாம் வகைக் கொலாஜன் கழிந்து முதலாம் வகை அமைய ஓராண்டுகூட ஆகலாம். அதன் பிறகும் தழும்பின் வலு பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. சர்க்கரை நோய் உண்டா? இருந்தால், புண்ணைச் சுத்தம் செய்ய வந்த மேக்ரோஃபேஜ் என்னும் செல்கள் பழுதுபார்க்கும் நிலைக்கு மாறாமல் அழற்சி நிலையிலேயே தங்கிவிடுவதுண்டு.

உயிரியல் ஆசிரியை, சேலம்:
சுரீரென்பதற்குக் காரணம், வெட்டுண்டு மீண்டும் துளிர்க்கும் நரம்பு நுனிகள். அழற்சியில் உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் போன்றவை அவற்றின் உணர்வு வரம்பைத் தாழ்த்திவிடுவதால், வெறும் உரசலும் வலியாகிறது.

எனக்குப் பெரிய வியப்பு, அடிபடாத செல்களும் மாறுவதுதான். 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலியின் ஒரு கால் தசையைக் காயப்படுத்தியபோது, மறுகாலின் தசைத் தண்டுச் செல்கள்கூட (புதிய தசைச் செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்) உறக்கம் கலைந்து ஆயத்த நிலைக்கு வந்திருந்தன. 2017இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வில், ஒருமுறை அழற்சி கண்ட எலித் தோலின் தண்டுச் செல்கள், அழற்சி தணிந்த பின்னும் சில மரபணுப் பகுதிகளைத் திறந்தே வைத்திருந்து, அடுத்த காயத்தை விரைந்து மூடின. இவை எலிகளில் கண்டவை. உங்கள் தழும்புக்கு அப்படியே பொருத்திச் சொல்ல மாட்டேன்.

காப்பித்தோட்டக்காரர்:
இருவருக்கும் நன்றி. சர்க்கரை இல்லை, போன மாதம்தான் பார்த்தேன். ஆனால் தழும்பின் மேல்முனையில் மட்டும் தடிப்பு வெட்டின் எல்லையைத் தாண்டி, ஒரு விரல்நுனி அளவுக்குப் படர்ந்திருக்கிறது.

செவிலியர், சேலம்:
எல்லை தாண்டியிருந்தால் கீலாய்டாக இருக்கலாம், ஐயா. அங்கே செல்கள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் கொலாஜனைக் குவித்துக்கொண்டே போகும். அறுத்து எடுத்தால் மட்டும் போதாது, பெரும்பாலும் திரும்ப வரும். மலையிலிருந்து இறங்கும் நாளில் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை கிளை வெட்டும் வேலை வேண்டாம்.