இளையோரோடு ரொமேரோ திருப்பயணம்: எல் சால்வடோரில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
எங்கள் பங்கு இளையோரை எல் சால்வடோருக்கு அழைத்துப் போகலாமா என்று பேச்சு ஓடுகிறது. சான் சால்வடோர் பேராயராக இருந்த புனித ஆஸ்கர் ரொமேரோவின் கல்லறை, அவர் சுடப்பட்ட சிற்றாலயம் இரண்டும் தலைநகரான அந்த ஊருக்குள்ளேயே இருப்பதால் ஒரே நாளில் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் பிள்ளைகள் மனித உரிமை பற்றி உருப்படியாக எதையாவது கற்க வேண்டுமே. அப்புறம், "இது அரசியல் பயணமா?" என்று ஒன்றிரண்டு பெற்றோர் கேட்கிறார்கள்.

பதில் 1
கல்லறையில் தொடங்காதீர்கள். நகருக்கு வடக்கே அகிலாரெஸிலிருந்து எல் பைஸ்னால் போகும் சாலைக்கு முதலில் போங்கள். 1977 மார்ச் 12 அன்று திருப்பலிக்குப் போய்க்கொண்டிருந்த இயேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தேவையும், கூடப் போன ஒரு முதியவரையும், 16 வயதுப் பையனையும் அங்கேதான் சுட்டுக் கொன்றார்கள். அப்போது ரொமேரோ பேராயராகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வம்புதும்புக்குப் போகாத மனிதர் என்றுதான் அவரைப் பற்றிப் பெயர், பணக்காரர்களுக்கு அதில் நிம்மதி வேறு. நண்பர் கிராந்தேவைப் பறிகொடுத்த ரொமேரோ மார்ச் 20 ஞாயிறன்று மறைமாவட்டம் முழுக்க மற்றத் திருப்பலிகளை நிறுத்திவிட்டு, பேராலயத்தில் ஒரே திருப்பலி என்று அறிவித்தார். ஒதுங்கியிருந்தவர் துணிந்து நின்ற இந்தத் திருப்பம் புரியாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் சிலை தரிசனம்தான்.

பதில் 2
சரிதான், ஆனால் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் தெய்வீகப் பராமரிப்பு மருத்துவமனை. புற்றுநோயாளிகளுக்கான அந்த இடத்தின் வளாகத்தில் ஒரு சின்ன வீட்டில்தான் பேராயர் குடியிருந்தார். அவருடைய தட்டச்சுப் பொறியும், ரத்தக் கறை படிந்த திருப்பலி உடையும் அங்கே இருக்கின்றன. எதிரே சிற்றாலயம், 1980 மார்ச் 24 மாலை பீடத்தருகே நின்றவரைத்தான் சுட்டார்கள். முந்தின நாள் மறையுரையில், மக்கள் மீதான அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று கடவுளின் பெயரால் ராணுவத்தினருக்குக் கட்டளையிட்டிருந்தார். அந்த மறையுரையை இங்கேயே பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள், அங்கே போய் வழிகாட்டி சொல்லும்போது முதல்முறையாகக் கேட்டால் பாதி காதில் ஏறாது.

பதில் 3
சான் சால்வடோரில் இயேசு சபையினர் நடத்தும் ஊகா (UCA) பல்கலைக்கழகத்தையும் சேருங்கள். 1989 நவம்பர் 16 அன்று ஆறு இயேசு சபையினரையும், சமையல்கார அம்மா ஒருவரையும், அவர் மகளையும் ராணுவம் கொன்ற இடம் அது. இப்போது ரோஜாத் தோட்டம், அந்த அம்மாவின் கணவரே நட்டது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் சடலங்களின் புகைப்பட ஆல்பங்கள் இருக்கின்றன, சின்னப் பிள்ளைகளிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பெற்றோர் விஷயம்: ரொமேரோவை விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்ட மறைசாட்சி என்று 2015-ல் ஏற்று, 2018 அக்டோபர் 14 அன்று புனிதர் பட்டம் கொடுத்தது திருஅவைதானே, எந்தக் கட்சியும் இல்லையே. அதற்கு மேலும் கேட்டால் அந்த மறையுரையை அவர்களுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.