சீனாவை ரயிலிலேயே சுற்ற, கையில் எழுபதாயிரம்: சரிப்படுமா?

கோவைப் பையன்:
செப்டம்பர் 28 பெய்ஜிங்கில் இறங்கலாம் என்று இருக்கிறேன். மூன்று வாரம். விசா, விமானச் செலவு போக எழுபதாயிரம் ரூபாய். பெய்ஜிங், சியான், காஷ்கர், லிஜியாங், ஷாங்காய் என்று குறித்து வைத்திருக்கிறேன். புல்லட் ரயில் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. முட்டை சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது. டிக்கெட் இன்னும் போடவில்லை.

பட்டன் கடைக்காரர், திருப்பூர்:
பணம் போதும் தம்பி. தேதிதான் உதைக்கிறது. அக்டோபர் 1-லிருந்து அவர்களுக்குத் தேசிய தின விடுமுறை, ஒரு வாரம். நாடே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும். விடுதி வாடகை எகிறும், ரயில் டிக்கெட் திறந்ததும் காலியாகும். பத்தாம் தேதிக்கு மேல் போ.

காஷ்கரை அடித்துவிடு. சியானிலிருந்து ரயிலில் மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். போக வரவே உன் விடுமுறையில் பல நாள் காலி.

புல்லட்டை மறந்துவிட்டு இரவு ரயிலில் ஹார்ட் ஸ்லீப்பர் எடு. பெய்ஜிங்–சியான் புல்லட் கட்டணத்தில் ஏறக்குறைய பாதிதான், ஒரு ராத்திரி வாடகையும் மிச்சம். நம் ஸ்லீப்பர் போலவே மூன்று தட்டு, கதவு இல்லை. ஆனால் ஏசி, மெத்தை, போர்வை எல்லாம் உண்டு. மேல்தட்டு விலை குறைவு, நிமிர்ந்து உட்கார முடியாது. கீழ்த்தட்டு வாங்கினால் ஊரே அதில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கும். நான் எப்போதும் நடுத்தட்டு. பெட்டிக் கோடியில் வெந்நீர் இலவசம். பிளாஸ்க்கும் கப் நூடுல்ஸும் இல்லாதவன் அங்கே பயணியே இல்லை. நூடுல்ஸ் மசாலாவில் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு, உனக்கு ஆகாது. இங்கிருந்தே அவல், ஓட்ஸ் கொண்டு போ.

சாப்பாட்டுக் கடையில் "வோ ச்சீ சூ" என்றால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். தக்காளி முட்டைப் பொரியல் சோற்றோடு எந்த ஊரிலும் கிடைக்கும். மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக் கட்டிக் குழம்பை நம்பாதே, கொத்துக்கறி தூவுவார்கள்.

கோவைப் பையன்:
நன்றி அண்ணா. பணம் கொடுப்பது எப்படி? வாட்ஸ்அப்?

பட்டன் கடைக்காரர், திருப்பூர்:
அலிபே செயலியில் உன் கார்டை ஊரிலேயே இணைத்து, பாஸ்போர்ட்டையும் சரிபார்த்துவிடு. இளநீர் வண்டி வரைக்கும் அதுதான் ஓடும். ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். கூகுள், வாட்ஸ்அப் உள்ளூர் வைஃபையில் வராது. ரோமிங் சிம்மில் வரும்.

தஞ்சாவூர் வாசகி:
யாரும் சுவான்சோவைச் சொல்லவில்லையே! 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுகம் அது. அங்கே காய்யுவான் புத்தர் கோயிலில், பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள் தம்பி. இடிந்துபோன இந்துக் கோயிலிலிருந்து வந்த இரண்டு தூண்கள், நரசிம்மரும் கிருஷ்ணருமாக. எல்லோரும் முன்வாசலில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

பட்டன் கடைக்காரர், திருப்பூர்:
அம்மா சொல்வது நல்ல யோசனை. அப்படியானால் லிஜியாங் வேண்டாம், அது வேறு மூலை. பெய்ஜிங், சியான், ஷாங்காய், சுவான்சோ, அப்புறம் குவாங்சோவில் விமானம். ரயில் டிக்கெட் பதினைந்து நாளுக்கு முன்பு திறக்கும், சீன ரயில்வேயின் 12306 செயலியில். அதிலும் பாஸ்போர்ட் சரிபார்க்க நேரம் பிடிக்கும், இன்றைக்கே கணக்கைத் தொடங்கு.