மாண்ட்ரல் ஹோல்டர், ராட் ரெஸ்ட், ராட் ரேக்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

சுடரில் கண்ணாடியை உருக்கி மணி செய்யும் கலைக்கான சொற்பட்டியலில் கருவிப் பெயர்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. உருகிய கண்ணாடியைச் சுற்றி மணியாக்கும் எஃகுக் கம்பியான மாண்ட்ரலுக்கு மணிக்கம்பி, மணி ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வர அதன்மேல் பூசும் பீட் ரிலீசுக்குப் பிரிகளி, கண்ணாடி ராடுக்குக் கோல், மெல்லிய கண்ணாடி இழையான ஸ்ட்ரிங்கருக்கு இழைக்கோல் என்று வைத்திருக்கிறோம். மீதமிருப்பவை இவற்றை வைக்கும் சாதனங்கள். தகர டப்பா, மரக்கட்டை, பிவிசி குழாய், ஆங்கிள் துண்டு என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு பலரும் தாங்களே செய்துகொள்பவை இவை. ஹோல்டர், ஸ்டாண்டு, ரேக், ரெஸ்ட் எல்லாவற்றையும் 'தாங்கி' என்ற ஒரே சொல்லில் அடக்கலாம் என்பது என் முன்மொழிவு: மணிக்கம்பித் தாங்கி, கோல் தாங்கி, கருவித் தாங்கி. கிடைத்ததை வைத்துச் செய்தது என்று காட்ட 'ஒப்பேற்றுத் தாங்கி' எனலாம். கருத்துகளை எழுதுங்கள்.

———

> கோல் தாங்கி

எனக்கு மறுப்பு இந்தச் சொல்லில்தான். ராட் ரெஸ்ட் என்பது சுடருக்குப் பக்கத்தில் சூடான கோலைக் கிடத்துவது. ராட் ரேக் என்பது ஆறிய கோல்களைச் சேமிப்பது. இரண்டுக்கும் 'கோல் தாங்கி' என்றே பெயர் வைத்து, செய்முறையில் "கோலைத் தாங்கியில் வையுங்கள்" என்று எழுதினால், புதிதாகக் கற்பவர் நுனி இன்னும் செக்கச்செவேல் என்றிருக்கும் கோலைக் கொண்டுபோய் பிவிசி குழாயில் செருகக்கூடும். பிவிசி 80 டிகிரி செல்சியசை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும்; அதற்கு மேல் கருகினால் மூக்கை அரிக்கும் அமிலப் புகை வரும்.

பொருள் எதனால் ஆனது என்பதைவிட, அதில் வைக்கப்படுவது ஈரமா, சூடா, ஆறியதா என்பதே இங்கே முக்கியம். பிரிகளியில் தோய்த்த கம்பி ஈரம். சுடரிலிருந்து எடுத்த கோல் சூடு. அலமாரியில் இருப்பது ஆறியது. மூன்றுக்கும் தேவைகள் வேறு, கெடும் விதங்களும் வேறு. எனவே மூன்று தனிச்சொற்கள் வேண்டும். 'ஒப்பேற்று' என்ற முன்னொட்டு வேண்டாம். சரியாகத் துளையிட்ட மரக்கட்டை எந்த விதத்திலும் ஒப்பேற்றியது அல்ல. அதுதான் முறையான கருவி.

———

மூன்றாகப் பிரிப்பதை ஏற்கிறேன். ஈரத்துக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'செருகுகட்டை' என்று வைக்கலாம். கம்பியின் பூசாத முனையைச் செருகுவது, பூசிய முனை மேலே காற்றில் நிற்பது, இரண்டும் அந்தப் பெயரிலேயே வந்துவிடுகின்றன.

வரையறையில் துளையின் ஆழத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதிகம் தவறு நடப்பது அங்கேதான். 2.4 மி.மீ. கம்பிக்கு 3 மி.மீ. துளை போடுவார்கள், 0.6 மி.மீ. இடைவெளி விழும். 30 செ.மீ. நீளக் கம்பியை 20 மி.மீ. ஆழத் துளையில் நிறுத்தினால் மேல்நுனி 8 மி.மீ.க்கு மேல் சாயும். பக்கத்துக் கம்பியும் எதிர்ப்புறம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து 17 மி.மீ. ஆகும். துளைகளை 15 மி.மீ. தள்ளிப் போட்டிருந்தால் ஈரப் பூச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பூச்சு பெயரும். பெயர்ந்த இடத்தில் கண்ணாடி நேரே எஃகைப் பிடித்துக்கொள்ளும், மணி கழன்று வராது. அதே துளையை 40 மி.மீ. ஆழமாக்கினால் சாய்வு 4 மி.மீ.க்குள் அடங்கும், 15 மி.மீ. இடைவெளியே தாராளம். 1.6 மி.மீ. கம்பிக்கு 2 மி.மீ. துளை, 3.2 மி.மீ.க்கு 3.5 அல்லது 4. ஒரே கட்டையில் மூன்று வரிசை போட்டுக்கொள்ளலாம். ட்ரில் பிட்டில் 40 மி.மீ. உயரத்தில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் எல்லாத் துளையும் ஒரே ஆழத்தில் நிற்கும். நெட்டுக்குத்தாக இறங்குவது ஆழத்தைவிட முக்கியம். கைத்துளைப்பானில் போடுகிறவர்கள் ஒரு சிறு மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுக்கொண்டே இறக்க வேண்டும்.

———

மணல் நிரப்பிய தகர டப்பாவைச் செருகுகட்டை என்று சொல்ல முடியுமா? பலரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எந்தத் தடிமன் கம்பியும் நிற்கும், துளையிடத் தேவையில்லை. தெர்மோகோல் துண்டில் குத்தி வைப்பவர்களும் உண்டு.

———

மணல் டப்பா செய்வது கட்டையின் வேலைதான். கட்டை என்ற சொல் இடிக்கிறது என்றால் 'செருகுகலம்' என்று ஒரு துணைச்சொல் கொடுத்துவிடலாம். மணல் உலர்ந்திருக்க வேண்டும், ஆழம் குறைந்தது 8 செ.மீ. வேண்டும். மேசை அதிரும்போது கம்பிகள் மெல்லச் சாய்ந்துகொண்டே வரும். அது டப்பாவின் குறை. இன்னொன்று, மணலில் இருந்த முனையைத் துடைக்காமல் அடுத்த முறை தலைகீழாகப் பிரிகளி ஜாடிக்குள் விட்டால் மணலும் உடன் போகும். பிறகு பூச்சு ஒருநாளும் வழவழப்பாக வராது. மணியின் துளைக்குள் அந்தப் பொருக்கு அப்படியே பதியும்.

தெர்மோகோலை வரையறையிலிருந்து விலக்கியே எழுத வேண்டும். ஈரக் கம்பியை நிறுத்துவதற்கு மட்டும் என்றால் தாங்கும். ஆனால் மேசையில் இருக்கும் எதிலும் ஒரு நாள் சூடான கம்பி படும். தெர்மோகோல் 100 டிகிரியிலேயே குழைந்து சுருங்கிவிடும், எளிதில் தீப்பற்றும்.

———

சூட்டுக்கு உரியதற்கு 'நுனியேந்தி' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

———

> நுனியேந்தி

மன்னிக்கவும், இது பொருளைத் தலைகீழாக்குகிறது. அந்தச் சாதனம் நுனியை ஏந்தவே கூடாது. நுனி எதையும் தொடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நுனியிலிருந்து 5 முதல் 7 செ.மீ. தள்ளி, ஆறிய கழுத்துப் பகுதிதான் விளிம்பில் படிய வேண்டும். கண்ணாடி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால் அந்தத் தூரத்திலேயே தொடும் சூட்டுக்கு வந்துவிடும். சூடான பகுதி உலோகத்தில் படிந்தால் பட்ட இடம் சட்டென்று குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். திரும்பச் சுடரில் காட்டும்போது அந்த இடம் டப்பென்று வெடித்துச் சில்லுகள் பறக்கும்.

நம்மிடம் 'மணை' என்ற சொல் இருக்கிறது. அரிவாள்மணையில் இன்றும் வழங்குகிறது. தாழ்வானது, மேசையோடு கிடப்பது, மேலே ஒன்றைத் தாங்குவது. 'கோல்மணை' என்றால் குழப்பமே இல்லை. கோன்மணை என்று புணர்ச்சி பார்க்க வேண்டாம். கோல் என்ற சொல் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

செய்வதற்கு 25 மி.மீ. எஃகு ஆங்கிள் இரண்டு துண்டு போதும். ஒவ்வொன்றையும் கூரை போலக் கவிழ்த்து, முதுகில் 1 செ.மீ.க்கு ஒன்றாக முக்கோண அரத்தால் வெட்டுகள் போட வேண்டும். வெட்டு இல்லாவிட்டால் கோல்கள் உருண்டு சூடான நுனிகள் ஒட்டிக்கொள்ளும். கூரான முதுகில் கோல் ஒரு புள்ளியில்தான் படியும், வெப்பம் அதிகம் இழுபடாது. தட்டையான பட்டையை வைத்தால் இந்தப் பயன் போய்விடும். இரண்டையும் 12 செ.மீ. இடைவெளியில் இணையாக வைத்து, நுனிப் பக்கத்துத் துண்டை 1 செ.மீ. உயர்த்த வேண்டும். உருகிய நுனி தொங்கினாலும் மேசையைத் தொடாது. நுனிகள் கைக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும் என்பதையும் வரையறையிலேயே எழுதிவிடுங்கள்.

நெளிதகட்டுத் துண்டும் இதே வேலையைச் செய்யும், ஆனால் ஜிஐ தகடு வேண்டாம். சுடர் அதில் பட்டால் மேலே இருக்கும் துத்தநாகம் புகையாகும். அதைச் சுவாசித்தால் உலோகப் புகைக் காய்ச்சல் வரும்.

———

கோல்மணை அருமை. ஆறிய கோல்களுக்கு 'தூணி' என்ற பழஞ்சொல்லை எடுக்கலாமே. அம்பறாத்தூணியில் அம்புகள் நிற்பதுபோல் கோல்கள் நிற்கும். முகத்தல் அளவைக்கும் தூணி என்ற பெயர் உண்டு, ஆனால் அந்த அளவை இன்று புழக்கத்தில் இல்லை.

———

சொல் அழகுதான். ஆனால் தூணி என்றதும் நிறுத்திவைப்பது என்றே எண்ணம் போகும். 33 செ.மீ. நீளமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள மென்கண்ணாடிக் கோல் ஒன்று 23 கிராம் இருக்கும்; ஒரு கிலோவுக்கு 43 கோல். இந்தப் பாரத்தைக் குழாயில் நிறுத்தினால் மேற்பாரத்தால் கவிழும். ஒவ்வொரு முறை கோலைப் போடும்போதும் அடிமுனை மோதிச் சில்லாகும். அந்தச் சில்லு கோலில் ஒட்டிக்கொண்டு விரலுக்கும் மணிக்கும் வரும். கிடைமட்டமாக அடுக்குவதே நல்லது. அதனால் 'கோற்கூடு' என்பேன். மூக்குக்கண்ணாடிக்கூடு என்று சொல்வது போலத்தான்.

ஒரு கிலோ கோலுக்கு 50 மி.மீ. குழாய் இறுக்கமாகிவிடும், உருவ வராது, 63 மி.மீ. சரி. 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் கோல் 3 செ.மீ. வெளியே நீண்டிருக்கும், பிடித்து இழுக்கலாம். தேய்ந்து குட்டையான கோல்களுக்கு 12 செ.மீ. கூடு தனியாக வேண்டும். நீளக் கூட்டில் அவை ஆழத்தில் போய்த் தங்கிவிடும்.

ஒவ்வொரு கூட்டின் வாயிலும் விரிவெண் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும் எண்) எழுதியே ஆக வேண்டும். எஃபெட்ரே நிறுவனக் கோல் 104, புல்ஸ்ஐ நிறுவனக் கோல் 90, போரோசிலிகேட் வகைக் கண்ணாடி 33. நிறமற்ற 104 கோலும் 90 கோலும் பார்வைக்கு ஒன்றுதான். கலந்து செய்த மணி உருவாகும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கி விரிசல் விடும், சிலவேளை நாட்கள் கழித்துக்கூட.

தூணியை விட மனமில்லை என்றால் இழைக்கோலுக்கு வைத்துக்கொள்ளலாம். 1, 2 மி.மீ. இழைகளுக்குப் பாரமில்லை. மூடியுள்ள சோதனைக்குழாயில், அடியில் பஞ்சு வைத்து, நிறத்துக்கு ஒன்றாக நிறுத்துவதே வசதி. அது 'இழைத்தூணி'.

———

இழைத்தூணிக்கு என் முழு ஆதரவு.

கருவிகளுக்கு 'காந்தப்பட்டை' என்று பட்டியலில் ஏற்கனவே ஒரு பதிவு இருக்கிறது. அதில் ஒரு திருத்தம் வேண்டும். "எல்லாக் கருவிகளையும் தொங்கவிடலாம்" என்று இருக்கிறது. பித்தளை அச்சு, கிராஃபைட் மட்டை, டங்ஸ்டன் ஊசி எதையும் காந்தம் பிடிக்காது. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகையும் நம்ப முடியாது. பிடிக்கும் இடுக்கியையும் சூடாகத் தொங்கவிடக் கூடாது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும். கிராஃபைட் மட்டை கீழே விழுந்தால் உடையும், ஆகவே கைப்பிடியில் துளையிட்டு ஆணியில் மாட்டுவதே பாதுகாப்பு.

———

இதுவரை வந்ததை வைத்துப் பட்டியலில் ஏற்றுகிறேன். செருகுகட்டை: பிரிகளி பூசிய மணிக்கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் உலர நிற்கும் துளைக்கட்டை, ஆழம் 40 மி.மீ.; மணல் நிரப்பியது செருகுகலம். கோல்மணை: சூடான கோலை, நுனி எதிலும் படாமல், கழுத்தில் தாங்கும் தாழ்வான உலோகத் தாங்கி. கோற்கூடு: ஆறிய கோல்களை விரிவெண் குறித்துக் கிடத்தி வைக்கும் குழாய். இழைத்தூணி: இழைக்கோல்களை நிறுத்தி வைக்கும் குழாய். 'தாங்கி' பொதுச்சொல்லாக மட்டும் இருக்கும். செய்முறைகளில் தனியாக வராது. காந்தப்பட்டைப் பதிவையும் திருத்துகிறேன்.

சூளையிலிருந்து எடுத்து முழுக்க ஆறிய மணிகளைக் கம்பியோடு தண்ணீரில் ஊறவைக்கும் ஜாடிக்குப் பெயர் இன்னும் இல்லை. பிரிகளித் தூசு நுரையீரலுக்குப் போகாமலிருக்கவே ஈரத்தில் கழற்றுகிறோம் என்பதால், ஊறல் என்ற பொருள் அந்தச் சொல்லில் இருக்க வேண்டும். 'ஊறுகலம்' சரிப்படுமா?